மீன் குழம்பை மறுத்த வெள்ளிக்கிழமை

சங்கரா மீன் குழம்பை ஒரு மனுஷன் வேண்டாம் என்று சொன்னால், ஒன்று அவர் சைவமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடச் சைவமாக இருந்தவர் இல்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. மத்தியானம் தட்டு வைத்துச் சோறு போட்டேன். குழம்புக் கரண்டியைத் தூக்கியதும் தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தார்.

“வேணாம். இன்னிக்கு நான் ஒருசந்தி.”

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பதற்கு ஒருசந்தி என்று பெயர். வெள்ளிக்கிழமைகளில் கறி கூடாது, ஆனால் மீனுக்குத் தடை இல்லை. மீன் மட்டும் எப்படித் தப்பித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கடலூர் மாவட்டத்தில் பிறந்துவிட்டு அந்தச் சலுகையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இவர் பெயர் ஆரோக்கியசாமி. பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஆரோக்கியசாமி ஒருசந்தி இருந்து நான் பார்த்ததில்லை. கிட்னி மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு, “மாத்திரை சாப்பிடுறவங்க ஒருசந்தி இருக்க வேணாம்” என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். அன்று முதல் பைபிளில் வேறு எந்த வசனம் மறந்தாலும் சாமியார் சொன்ன இந்த வசனம் இவருக்கு மறந்ததில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று பக்தி வந்தால் மனைவிக்குச் சந்தேகம் வராதா?

“எப்பலேருந்து ஒருசந்தி?” என்றேன்.

“காலையிலேருந்து.”

“காலையில இட்லிய ஜன்னல் வழியா நாய்க்குப் போட்டீங்களே, அதுலேருந்தா?”

வழக்கமாக என் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வைத்திருப்பவர், கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இல்லாத வயிற்று வலியை இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். இருக்கிற வயிற்று வலியை இல்லை என்று மறைக்கிற பிள்ளை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

மூன்று கிட்னிக்காரர்

சில வருஷங்களுக்கு முன்னால் இவருடைய இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்தின. வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ளப் புதுச்சேரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் மாற்றி வைக்கலாம் என்றார்கள்.

குடும்பம் கூடியது. இவருடைய தம்பி சவரிமுத்து, கம்மாபுரத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். அந்த ஊர்ப் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வராத வருஷம் கிடையாது. “நெலம் போவுமா இருக்குமான்னே தெரியல அண்ணி. இந்த நேரத்துல கிட்னியும் போவணுமா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு கிட்னியோடும் பஸ் ஏறிவிட்டார். இதைச் சொல்லிச் சொல்லி அவரை நான் கேலி செய்யாத கல்யாண வீடு கிடையாது.

கடைசியில் என்னுடையதுதான் பொருந்தியது. என் இடப்பக்கத்துக் கிட்னியை எடுத்து, இவருக்கு அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்தார்கள். பழையது இரண்டையும் எடுக்கவில்லை, அவை பாட்டுக்கு முதுகுப் பக்கம் சும்மா இருக்கின்றன. ஆக இவர் மூன்று கிட்னிக்காரர். வேலை செய்வது ஒன்றுதான், அதுவும் என்னுடையது. எங்கள் வீட்டு நிலவரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அதன் பிறகு எங்கள் சண்டைகளில் நான் தோற்றதே இல்லை. “என் கிட்னிய வெச்சிக்கிட்டு என்னையே எதுத்துப் பேசுறீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இவரும் சளைத்தவர் இல்லை. “எதுத்துப் பேசுறது நான் இல்ல டீச்சரம்மா. உன் கிட்னி உள்ள போனதுலேருந்துதான் எனக்கும் வாய் நீண்டு போச்சு” என்பார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, “கிட்னி எப்படி இருக்குது?” என்பதுதான். இவர் எப்படி இருக்கிறார் என்பது இரண்டாவது கேள்வி. இவரும் வலப்பக்க வயிற்றைத் தடவிக்கொண்டே, “ஜோரா இருக்குது” என்பார். பஸ்ஸில் ஏறினால் கைப்பையை அந்த இடத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். எவனாவது முழங்கையால் இடித்துவிட்டால், “யோவ், பாத்துய்யா, என் பொண்டாட்டி இருக்கா” என்பார். இடித்தவன் இவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான்.

தட்டிப் பார்க்கிறவர்

இவர் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பீங்கான் கம்பெனிகள் இருக்கிற தெருவில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார். ஃபியூஸ் கட்டை, டீக் கப், ஊறுகாய் ஜாடி எல்லாம் சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். சூளையிலிருந்து சரக்கு வெளியே வந்ததும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ணங்கென்று சத்தம் வந்தால் நல்ல சரக்கு. சத்தம் அமுங்கி வந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

தொழில் புத்தி வீட்டுக்கும் வரும். தேங்காய், தர்பூசணி, மண் பானை, என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுக் கதவு என்று எதையும் தட்டாமல் விட்டதில்லை. ஒரு தடவை நான் கணக்கில் தப்புச் செய்தபோது என் தலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல சரக்குதான்” என்று பாராட்டினார்.

ஊரில் உள்ளதையெல்லாம் தட்டிப் பார்க்கிறவர், தன் வயிற்றில் ஒரு சத்தம் மாறியதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

ஆறாவது ஸ்தலம்

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோவிலில் சிலுவைப்பாதை. இயேசு சிலுவை சுமந்து போனதைப் பதினான்கு ஸ்தலமாகப் பிரித்து ஜெபிப்போம். ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் முழந்தாளிட்டு எழுந்திருக்க வேண்டும். முதல் ஐந்து ஸ்தலம்வரை இவர் எல்லாரோடும் எழுந்தார். ஆறாவதில் எல்லாரும் எழுந்தோம், இவர் எழவில்லை.

தலையைக் குனிந்து, பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். நெற்றியில் வியர்வை. எனக்குப் பின்னால் நின்ற ரீட்டா அக்கா என் தோளைத் தொட்டு, “டீச்சர், உங்க வூட்டுக்காரரு கண்ணுல தண்ணி பாருங்க. எவ்ளோ பக்தி” என்று நெகிழ்ந்துபோனார். நான் அந்தப் பக்தியைக் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இவர் நேராக நிற்கவில்லை. வலப்பக்கம் கொஞ்சம் மடங்கி, தரையில் காலை மெல்ல மெல்ல வைத்து நடந்தார்.

“எங்க வலிக்குது?”

“ஒண்ணும் இல்ல. வாயு. ஓமத் தண்ணி குடிச்சேன்.”

“எங்க வலிக்குதுன்னு கேட்டேன்.”

பள்ளிக்கூடத்துக் குரல் அது. எந்த வயதுக்காரரும் அதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். நேற்று தொப்புளைச் சுற்றி வலித்ததாம். ராத்திரி போய்விடும் என்று நினைத்தாராம். காலையில் கீழே இறங்கி ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டதாம். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறதாம். எந்த இடம் என்று கையை வைத்துக் காட்டினார்.

என் கிட்னி இருக்கிற இடம்.

கோவில் வாசல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். மாற்றி வைத்த கிட்னியை உடம்பு என்றைக்கு வேண்டுமானாலும் தள்ளிவிடலாம் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்னிடம் இருந்தது இரண்டு. ஒன்றைக் கொடுத்துவிட்டேன். அது போய்விட்டால் இவருக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

“ஏன் நேத்தே சொல்லல?” என்றேன்.

“எப்படிச் சொல்றது ஜெயா? நீ குடுத்தது. கெட்டுப் போச்சுன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வந்து சொல்றது? ரெண்டு நாள் ஒருசந்தின்னு சொல்லிப் பாப்போம், சரியாப் போனா போவட்டும்னு இருந்தேன்.”

இவரைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

காய்ச்சல் இல்லாத காய்ச்சல்

எங்கள் டாக்டரம்மாவின் கிளினிக் கோவிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நான் ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

“அவசரப்படாதீங்க டீச்சர். இவரு சாப்புடுற மாத்திரைக்குக் காய்ச்சல் வெளிய தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும்.”

அந்த மாத்திரையைப் பற்றி எனக்கு விளங்கியதை என் பாணியில் சொல்கிறேன். உடம்புக்கு ஒரு காவல் நாய் உண்டு. அந்நியர் யார் வந்தாலும் குரைத்து விரட்டும். என் கிட்னியும் அதற்கு அந்நியர்தான். அதனால் இரண்டு வேளையும் மாத்திரை கொடுத்து நாயைத் தூங்க வைக்கிறோம். என் கிட்னி நிம்மதியாக இருக்கிறது. ஆனால் நிஜமாகவே திருடன் வந்தாலும் அந்த நாய் சரியாகக் குரைக்காது. காய்ச்சல் ஏறாது, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பெருகாது, வலிகூடப் பாதிதான் தெரியும்.

ரத்தம் எடுத்தார்கள். அணுக்கள் கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தன. கிட்னி கெட்டால் ஏறுகிற கிரியாட்டினினும் ஏறவில்லை. சிறுநீரிலும் கிருமி இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வர வர, டாக்டரம்மாவின் முகம்தான் மாறிக்கொண்டே போனது.

வயிற்றை மெல்ல அழுத்தினார். இவர் பொறுத்துக்கொண்டார். கையை எடுத்தபோது துடித்துவிட்டார்.

“இருமுங்க,” என்றார்.

இருமியதும் இவருடைய கை தானாக அந்த இடத்துக்குப் போனது. டாக்டரம்மா விரலை வைத்து, அதன் மேல் இன்னொரு விரலால் தட்டிக்கொண்டே வந்தார். நோயாளிக்கு அந்த நேரத்திலும் குசும்பு போகவில்லை.

“விரிசல் இருக்குதா டாக்டர்?”

“இருக்குதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நீங்க நெனைக்கிற எடத்துல இல்ல.” என் பக்கம் திரும்பினார். “டீச்சர், உங்க கிட்னி வந்து குடியேறுறதுக்கு முன்னாலயே அந்தத் தெருவுல ஒருத்தர் குடியிருந்தாரு. குடல்வால். அப்பெண்டிக்ஸ். வலி அங்கேருந்து வரலாம்னு எனக்குச் சந்தேகம். நிச்சயம் பண்ண ஸ்கேன் வேணும். வெடிக்கிறதுக்கு முன்னால பாத்தாவணும். மத்தவங்களுக்கு ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாம். இவருக்குப் பொறுக்க முடியாது.”

புதுச்சேரியில் இருக்கிற கிட்னி டாக்டருக்குப் போன் போட்டார். உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். வலி மாத்திரை எதுவும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், கிட்னிக்கு ஆகாது என்றார்கள். இவருடைய மாத்திரைப் பையை மறக்காமல் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தப் பையை நான் என்றைக்கு மறந்திருக்கிறேன்?

ஸ்பீடு பிரேக்கர்

கார் கொண்டுவந்தவர் சவரிமுத்து. உர மூட்டை வாங்க டவுனுக்கு வந்தவர், சேதி கேட்டு மூட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

நம் ரோட்டில் ஸ்பீடு பிரேக்கருக்குப் பஞ்சமா? பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோவிலுக்கு ஒன்று, கட்சிக்காரர் வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இவர் பல்லைக் கடித்து முனகினார். நெய்வேலி தாண்டிய பிறகு சவரிமுத்து, முட்டைக் கூடையோடு வயல் வரப்பில் நடக்கிறவரைப் போல ஓட்டினார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் எங்கள் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர் இளைஞர். வந்ததும் முதல் கேள்வி, “வர்ற வழியில ஸ்பீடு பிரேக்கர்ல வலிச்சுதா?”

“ஒவ்வொண்ணும் எங்க இருக்குதுன்னு எழுதியே குடுக்குறேன் சார்,” என்றார் என் வீட்டுக்காரர். டாக்டர் சிரிக்கவில்லை. குடல்வால் வீங்கியவர்களுக்குக் குலுக்கல் தாங்காது என்றார்.

முதலில் சாதா ஸ்கேன். கிட்னிக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, வீக்கம் இல்லை, கிட்னி பிரமாதம் என்றார்கள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் தாயார் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் கிட்னி முன்னால் நிற்பதால் குடல்வால் கண்ணில் படவில்லையாம். என் பிள்ளை மறைத்துக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவன் எப்படித் தெரிவான்?

பெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்களாம், அது கிட்னியைச் சோதிக்குமாம். கிட்னி டாக்டரும் அறுவை சிகிச்சை டாக்டரும் தள்ளி நின்று பேசினார்கள். மருந்து இல்லாமலேயே முதலில் எடுத்துப் பார்ப்போம், தெரியாவிட்டால் யோசிப்போம் என்று முடிவாயிற்று.

ஸ்கேன் அறைக்கு வெளியே நானும் சவரிமுத்துவும் உட்கார்ந்திருந்தோம். அவர் சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நிலத்தைப் பற்றியும் பேசவில்லை. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அண்ணி, அப்படியே கிட்னிக்கு ஏதாவது ஆச்சுன்னாலும் பயப்படாதீங்க. எங்கிட்ட ரெண்டு இருக்குது.”

இத்தனை வருஷமாக அவரை வைத்து எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவரைக் கேலி செய்ய எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. “சரி தம்பி” என்று மட்டும் சொன்னேன்.

குடல்வால்தான். வீங்கிப்போய், என் கிட்னியின் மேல் சாய்ந்துகொண்டு இருந்ததாம். வெடித்திருந்தால் சீழ் முழுக்கக் கிட்னியைச் சுற்றிக் கட்டியிருக்கும் என்றார் டாக்டர். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுத்துவிடலாம், ஓட்டைகளைக் கிட்னியை விட்டுத் தள்ளியே போடுவோம் என்று படம் வரைந்து காட்டினார். வாயால் சாப்பிடும் மாத்திரைக்குப் பதிலாக ஊசியில் கொடுப்போம், கிருமிக்கு எதிரான மருந்தும் கிட்னிக்கு ஒத்துக்கொள்கிறதாகப் பார்த்துத்தான் கொடுப்போம் என்று கிட்னி டாக்டரும் சொன்னார்.

உள்ளே கொண்டுபோகும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ கெட்டுப் போனது உன்னுது இல்லியா?”

“இல்ல. பொறந்ததுலேருந்து உங்ககிட்ட இருக்குறதுதான் கெட்டுப் போச்சு. என்னுது ஜோரா இருக்குது.”

இவர் சிரித்தார். இரண்டு நாளாக நான் பார்க்காத சிரிப்பு அது.

யார் ஒருசந்தி?

ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆபரேஷன் முடிந்தது, வெடிப்பதற்கு முன்னால் எடுத்துவிட்டோம், கிட்னியைத் தொடவே இல்லை என்று வந்து சொன்னார்கள். சவரிமுத்து பெஞ்சிலேயே தூங்கிவிட்டார். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் வார்டுக்கு மாற்றிய பிறகு என்னை உள்ளே விட்டார்கள். போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ரீட்டா அக்கா, சாமியார், யூனிட் ஆட்கள், மகள் எல்லாரும் ஒரே கேள்வி. “கிட்னி எப்படி இருக்குது டீச்சர்?” நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டு போயிற்று.

இவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தக் கேள்விக்குத் தயாராக நின்றேன்.

“கிட்னி நல்லா இருக்குதுங்க,” என்றேன், கேட்பதற்கு முன்பே. “காலையில டெஸ்ட் எடுத்தாங்க. கிரியாட்டினின் ஏறல. மூத்திரம் நல்லாப் போவுது.”

இவர் தலையை இல்லை என்பது போல அசைத்தார். குரல் சரியாக எழும்பவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“நீ தண்ணி குடிச்சியா?”

எனக்குப் புரியவில்லை.

“நேத்து மத்தியானம் மீன் குழம்பு வெச்சியே, அதுக்கப்புறம் நீ ஏதாவது சாப்பிட்டியா? உதடெல்லாம் காஞ்சு கெடக்குது. தண்ணி நெறைய குடின்னு டாக்டர் உனக்குந்தானே சொன்னாரு. உங்கிட்ட மிச்சம் இருக்குறது ஒண்ணுதான் ஜெயா.”

கொடுத்த கிட்னியைப் பற்றி ஊரே விசாரித்திருக்கிறது. என்னிடம் தங்கிவிட்டதைப் பற்றி அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. நானே நினைத்துப் பார்த்ததில்லை. அந்த மீன் குழம்பில் நானும் கை வைக்கவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. இவர் வேண்டாம் என்று எழுந்ததும் மூடி வைத்தது வைத்தபடி கிடந்தது.

இவர் மெதுவாகக் கையைத் தூக்கி, ஊசி குத்திய கையாலேயே, என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினார்.

“என்னா டீச்சரம்மா, நீயும் ஒருசந்தியா?”

மேஜையில் இருந்த பாட்டிலை எடுத்து, இவர் பார்க்கப் பார்க்க, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.